ஆளில்லாத காலத்துக்கு மட்டும் பெண் போதகரா? திருச்சபைத் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

திருச்சபையின் தலைவருக்கும் நியமனக் குழுவின் அங்கத்தவர்களுக்கும்,

சென்ற மாதம் ஞாயிறு ஆராதனை முடிவில், மற்ற அறிவித்தல்களோடு சேர்த்து, உங்கள் இடமாற்றக் கடிதம் எங்கள் சபையில் வாசிக்கப்பட்டது. இரண்டு வருடங்களுக்கு மேலாக எங்கள் சபையைப் பொறுப்பேற்று நடத்திவந்த பெண் போதகர், வேறொரு சபைக்கு உதவிப் போதகராகப் போகிறார். அவருடைய இடத்துக்கு, அவருக்குப் பல வருடங்கள் பின்னால் குருப்பட்டம் பெற்ற ஓர் ஆண் போதகர் தலைமைப் போதகராக வருகிறார். கடிதத்தில் காரணம் எதுவும் இல்லை. வாசித்து முடிந்ததும் பாட்டு எண் சொல்லப்பட்டது, எல்லோரும் எழுந்து நின்று பாடினோம். இந்தத் தீர்மானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மூடிய கடிதமாக எழுதினால் அது கோப்பில் போய்ச் சேரும் என்பதால் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

வரப்போகிறவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல மனிதர் என்றுதான் கேள்விப்படுகிறேன். அவர் வரும் நாளில் நானும் வாசலில் நின்று வரவேற்பேன். போகிறவரும் என்னை எழுதச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். திருச்சபை அனுப்பும் இடத்துக்குப் போவேன் என்று வாக்குக் கொடுத்தவர் அவர். அந்த வாக்கை மதித்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறார். நான் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. ஆகவே கேட்கிறேன்.

திருச்சபையின் பெயரையும் அவருடைய பெயரையும் இங்கே எழுதவில்லை. இரண்டும் உங்களுக்குத் தெரியும். மற்றச் சபைகளைச் சேர்ந்தவர்கள் இதை வாசித்து, எங்களிடமும் இப்படி நடக்கிறதே என்று யோசித்தால் அதுவும் நல்லதுதான். திருகோணமலையில் வேறு சபைகளுக்குப் போகிற என் தோழிகள் சொல்லும் கதைகள் இதிலிருந்து அதிகம் வேறுபடவில்லை.

நான் இந்தச் சபையிலேயே ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்றவள். அரச மருத்துவமனைகளில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றேன். சபைக் குழுவிலும் இருந்திருக்கிறேன். கீழே எழுதுவதெல்லாம் நான் பக்கத்தில் இருந்து பார்த்தவை.

முன்னைய போதகர் நோயுற்று விலக வேண்டி வந்தபோது, எங்களுக்கு அனுப்ப உங்களிடம் ஆள் இருக்கவில்லை. அதனால் உதவிப் போதகராக இருந்த இவரிடம், வேறு ஒழுங்கு செய்யும்வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னீர்கள். தற்காலிகம் என்று எழுதிய அந்த ஏற்பாடு இரண்டு கிறிஸ்மஸ்களைத் தாண்டிப் போனது. அந்தக் காலம் முழுவதும் தலைமைப் போதகருக்குரிய எல்லா வேலையையும் அவரே செய்தார். பதவியின் பெயர் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை.

தலைமைப் போதகரின் வேலை பிரசங்கத்தோடு முடிவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். குழுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க வேண்டும். காசோலையில் கையெழுத்து வைக்க வேண்டும், கணக்காய்வாளருக்குப் பதில் சொல்ல வேண்டும். பாலர் பாடசாலை ஆசிரியைகளின் சம்பளம், கல்லறைக்கு இடம், திருமணப் பதிவு, கூரை ஒழுக்கு, காணி எல்லைப் பிரச்சினை, கோபித்துக்கொண்டு போன குடும்பம், எல்லாம் கடைசியில் அவருடைய மேசைக்குத்தான் வரும். இவர் வந்தபோது கூரை பல வருடங்களாக ஒழுகிக்கொண்டிருந்தது. மார்கழி மழையில் பாடகர் குழுவின் பக்கம் வாளி வைத்துத்தான் ஆராதனை நடக்கும். மூன்று பேரிடம் விலை கேட்டு, மூன்று விலைகளையும் சபை வாசல் பலகையில் ஒட்டி, எல்லோருக்கும் முன்னால் ஒருவரைத் தெரிவு செய்து வேலையை முடித்தார். செலவுக் கணக்கும் அதே பலகையில் ஒட்டப்பட்டது. எங்கள் சபையில் அதற்கு முன் அப்படிக் கணக்கை ஒட்டியதை நான் பார்த்ததில்லை. எல்லைப் பிரச்சினைக்குப் பழைய வரைபடத்தைத் தேடி எடுத்து, பக்கத்துக் காணிக்காரரோடு உட்கார்ந்து கதைத்தார். வழக்குக்குப் போகவேண்டிய தேவை வரவில்லை.

மூதூர்ப் பக்கமும் குச்சவெளிப் பக்கமும் எங்களுக்கு நாலைந்து குடும்பங்கள் சிதறி இருக்கின்றன. நகரத்துக்கு வந்து ஆராதிக்க பஸ் காசு இல்லாதவர்கள். மாதம் ஒருமுறையாவது அங்கே போய்த் திருவிருந்து கொடுத்துவிட்டு வருவார். அந்த வீடுகளில் பெண்கள் அவரிடம் சொன்னவற்றை வேறு எந்தப் போதகரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். நுண்கடன் நிறுவனத்தின் ஆட்கள் வாசலில் வந்து நிற்பது, கணவன் குடித்துவிட்டு அடிப்பது, காணாமற்போன மகனுக்கு மரணச் சான்றிதழ் வாங்கச் சொல்லிச் சொந்தக்காரர்கள் நெருக்குவது. யுத்தத்துக்குப் பின் கிழக்கில் எத்தனை குடும்பங்களைப் பெண்கள் தனியாக நடத்துகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவர்களுடைய வீட்டுக்குள் போய்ப் பாயில் உட்கார்ந்து கேட்கக்கூடிய ஒரு தலைமைப் போதகர் எங்களுக்கு இருந்தார்.

மருத்துவமனையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன், குழந்தை இறந்து பிறந்த ஓர் இளம் தாய் எங்கள் வார்டில் இருந்தாள். வீட்டார் அவளிடம் பிள்ளையைக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இந்தப் போதகர் அப்போது உதவிப் போதகர். நள்ளிரவு கடந்து வந்தார். அவளுடைய கணவரோடும் எங்களோடும் கதைத்து, பிள்ளையை வாங்கி அவளுடைய மடியில் வைத்தார். அவள் ஒரு பெயர் சொன்னாள். அந்தப் பெயரைச் சொல்லி ஜெபித்தார். வேலைக்காலத்தில் எத்தனையோ போதகர்களும் பாதிரிமாரும் வார்டுக்கு வந்து ஜெபித்ததைப் பார்த்திருக்கிறேன், நல்ல ஜெபங்கள். அந்த இரவில் அவர் செய்ததை அவர்களில் யாரும் செய்து நான் பார்க்கவில்லை.

இனி நீங்கள் எழுதாத காரணங்களுக்கு வருகிறேன். எழுத்தில் வராவிட்டாலும் குழு அங்கத்தவர்கள் சிலரிடம் வாய்ச்சொல்லாக வந்தன. அப்புறம் ஊர் முழுக்கப் பரவின.

இரவில் மரண வீடு, மருத்துவமனை என்று அழைப்பு வந்தால் பெண் எப்படிப் போவார் என்பது ஒன்று. ஊரடங்குச் சட்டம் இருந்த காலத்தில் சோதனைச் சாவடிகளைக் கடந்து இரவு வேலைக்குப் போன தாதிகளில் நானும் ஒருத்தி. மருத்துவமனை எங்களுக்கு வாகனம் ஒழுங்கு செய்தது, அடையாள அட்டை கொடுத்தது. பெண்கள் வேண்டாம், ஆண்களை எடுப்போம் என்று யாரும் சொல்லவில்லை. இரவில் பெண் போதகருக்குப் பாதுகாப்பு இல்லை என்று உண்மையாகவே கவலைப்பட்டால், தெரிந்த ஓர் ஓட்டோக்காரரையும் கூடப்போக ஓர் அங்கத்தவரையும் சபை ஏற்பாடு செய்யலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஓர் அழைப்புக்கும் அவர் போகாமல் இருந்ததில்லை.

கணவருக்கு வேறு மாவட்டத்தில் வேலை என்பது இன்னொன்று. எங்கள் முன்னைய போதகர்களில் இருவருடைய மனைவிமார் வேறு மாவட்டங்களில் ஆசிரியைகளாக இருந்தார்கள். அது அவர்களுடைய நியமனத்தைத் தடுக்கவில்லை.

மாவட்டச் செயலகம், பொலிஸ், கடற்படை என்று பெரிய இடங்களோடு பேச வேண்டிய நகரச் சபை இது, அதற்கு ஆண் வேண்டும் என்பது மூன்றாவது. இந்த நாட்டில் பெண்கள் 1931 முதல் வாக்களிக்கிறார்கள். 1960இல் உலகத்தின் முதல் பெண் பிரதமரைத் தந்த நாடு இது. 2024 முதலும் ஒரு பெண்தான் பிரதமராக இருக்கிறார். நகரத்தின் சர்வமதக் கூட்டங்களில் ஐயரும் மௌலவியும் பிக்குவும் கத்தோலிக்கக் குருவானவரும் இருக்கும் மேசையில் எங்கள் சபைக்காக அவர்தான் உட்கார்ந்தார். அவர்களில் யாரும் எழுந்து போகவில்லை. அவரைப் பற்றி முறைப்பாடு வந்திருந்தால் சபைக் குழுவுக்குத் தெரிந்திருக்கும்.

கடைசியாக, சனம் ஏற்காது என்பது. இதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் காரணம் என்று நினைக்கிறேன். அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

எதிர்ப்பே இருக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. இருந்தது. அவர் பொறுப்பேற்ற தொடக்கத்தில் இரண்டு குடும்பங்கள் வேறு சபைக்குப் போயின. அதில் ஒன்று திரும்பி வந்தது. சில பெரியவர்கள் அவர் திருவிருந்து நடத்தும் ஞாயிற்றில் ஆசனத்தை விட்டு எழும்பாமல் இருந்தார்கள். அடுத்த கிழமை அந்த வீடுகளுக்கும் வழக்கம்போலப் போய் விசாரித்தார். அவர்களில் பெரும்பாலானவர்கள் இப்போது முன்னால் வந்து வாங்குகிறார்கள். வராமல் இருக்கும் ஒரு சிலரின் மனச்சாட்சியை அவரும் நாங்களும் மதிக்கிறோம்.

முதலில் எதிர்த்தவர்களில் பெண்கள் அதிகம். அவர்கள் சொன்ன காரணத்தை ஆண்கள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆகவே நான் சொல்கிறேன். துடக்கு, அதாவது மாதவிடாய்த் தீட்டு. அந்த நாட்களில் ஒரு பெண் பீடத்துக்குப் போகலாமா, அப்பத்தைத் தொடலாமா என்று சமையற்கட்டில் மெல்லக் கேட்டார்கள். ஞானஸ்நானம் பெற்று மூன்று நான்கு தலைமுறையான குடும்பங்களிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுடைய தாய்மார் அவர்களுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் திருச்சபை அதற்குப் பதில் சொல்ல வேண்டாமா? இத்தனை வருடங்களில் இதைப் பற்றி ஒரு பிரசங்கம், ஒரு வேதபாடம், ஒரு சுற்றுநிருபம் உங்களிடமிருந்து வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

லேவியராகமம் 15ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டுகிறவர்கள் உண்டு. சரி, அதே அதிகாரத்தின் முதற்பாதி முழுவதும் ஆண்களின் தீட்டைப் பற்றியது. அதை வைத்து எந்த ஆண் போதகரையும் யாரும் பீடத்துக்கு வெளியே நிறுத்தவில்லை. மாற்கு 5ஆம் அதிகாரத்தில் பன்னிரண்டு வருடங்களாக இரத்தப்போக்கு இருந்த ஒரு பெண் கூட்டத்துக்குள் வந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டாள். அவர் பின்வாங்கவில்லை. எல்லோரும் கேட்க அவளை மகளே என்று அழைத்தார். தாதியாக வாழ்நாளில் பாதியைக் கழித்தவள் நான். பெண்ணின் உடம்பில் மாதந்தோறும் நடப்பது தீட்டு என்று இனி யார் சொன்னாலும் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அதுவும் பிள்ளை பெறும் வார்டில் நின்று ஜெபிக்க அழைக்கும் அதே போதகரைப் பற்றி.

சனம் ஏற்காது என்று எங்கள் சார்பில் நீங்கள் தீர்மானித்தீர்கள். எங்களிடம் கேட்டீர்களா? சபைக் கூட்டம் கூட்டப்பட்டதா? ஒருவரை அனுப்பி விசாரித்தீர்களா? இரண்டு வருடங்கள் அவருக்குப் பின்னால் நின்ற முழுச் சபையும் உங்கள் கணக்கில் வரவில்லை. உங்கள் காதுக்கு எட்டிய ஒரு சிலருடைய குரல் சனத்தின் குரலாகிவிட்டது.

வேதவசனங்களை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பெண்கள் அமைதியாக இருக்க வேண்டும் என்று சொல்லும் 1 தீமோத்தேயு இரண்டாம் அதிகாரமும் 1 கொரிந்தியர் பதினான்காம் அதிகாரமும் எனக்கும் தெரியும். அதே கொரிந்தியர் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தில் பெண்கள் சபையில் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் பவுல் எடுத்துப் பேசுகிறார். அப்பொல்லோ என்ற போதகருக்குத் தேவனுடைய வழியை விளக்கியவர்களில் பிரிஸ்கில்லாளும் ஒருத்தி. உயிர்த்தெழுந்த செய்தியைச் சீஷர்களிடம் கொண்டுபோகும்படி கர்த்தர் முதலில் அனுப்பியது மகதலேனா மரியாளை. ஆனால் இந்த விவாதத்தை இப்போது உங்களோடு நடத்த வேண்டிய தேவை எனக்கு இல்லை. இந்த வசனங்கள் எல்லாவற்றையும் ஆராய்ந்து பார்த்துத்தான் எங்கள் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தீர்மானித்தது. அவருடைய தலையில் கைகளை வைத்தவர்களில் உங்களில் சிலரும் இருந்தீர்கள். அன்று அவருக்குச் சொன்ன ஜெபமும் ஆண்களுக்குச் சொன்ன ஜெபமும் ஒன்றுதான். உதவிப் போதகராக மட்டும் இருக்க என்று அந்த ஜெபத்தில் எங்கும் இல்லை. ஆகவே பெண் போதகராகலாமா என்ற கேள்வி முடிந்துவிட்டது. பட்டத்தைக் கொடுத்துவிட்டு, பொறுப்பை ஏன் கொடுக்க மறுக்கிறீர்கள் என்பதுதான் என்னுடைய கேள்வி.

ஆள் இல்லாதபோது பெண்ணை அழைப்பது, ஆள் கிடைத்ததும் பின்னால் அனுப்புவது. இது எங்கள் சபையில் தொடங்கிய பழக்கம் இல்லை. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி தம்முடைய நாட்களில் சேரா குரொஸ்பி, மேரி பொசன்குவெற் போன்ற பெண்களைப் பிரசங்கிக்க அனுமதித்தார். அவர் 1791இல் இறந்தார். 1803இல் இங்கிலாந்து மெதடிஸ்த மாநாடு பெண்களின் பிரசங்கத்தைப் பெரும்பாலும் கட்டுப்படுத்திவிட்டது. அங்கே பெண்களுக்குக் குருப்பட்டம் கிடைக்க 1974 ஆகிவிட்டது.

இதைவிட எனக்கு நெருக்கமாகத் தோன்றுவது புளோரன்ஸ் லீ டிம்-ஒய் அம்மையாரின் கதை. இரண்டாம் உலக யுத்தத்தில் ஹொங்கொங் ஜப்பானியர் கையில் இருந்த காலத்தில், யுத்தத்தில் சேராமல் இருந்த மக்காவ் அகதிகளால் நிறைந்திருந்தது. அங்கே இருந்த அங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை மரபைச் சேர்ந்த) சபைக்குத் திருவிருந்து கொடுக்கக் குருவானவர் யாரும் போக முடியவில்லை. அந்தச் சபையை நடத்திக்கொண்டிருந்தவர் இவர். பேராயர் ஹோல் அவருக்கு 1944 ஜனவரி 25இல் குருப்பட்டம் கொடுத்தார். அங்கிலிக்கன் உலகத்தில் குருப்பட்டம் பெற்ற முதல் பெண் அவர். யுத்தம் முடிந்தது. வெளியிலிருந்து எதிர்ப்புக் கிளம்பியது. பேராயருக்குச் சங்கடம் வரக்கூடாது என்று 1946இல் அவர் தம்முடைய குரு உரிமத்தை விட்டுக்கொடுத்தார். அந்தப் பட்டத்தைத் திருச்சபை மறுபடி ஏற்க கால் நூற்றாண்டு போனது. பிற்காலத்தில் கனடாவுக்குப் போய், டொரொன்டோவில் 1992இல் இறந்தார்.

பெண் தலைமை மேல்நாட்டுப் பழக்கம் என்று சொல்கிறவர்களும் இந்தத் திகதிகளைக் கவனிக்க வேண்டும். ஆசியாவில் ஒரு சீனப் பெண்ணுக்கு 1944இல் கிடைத்த குருப்பட்டம், இங்கிலாந்துத் திருச்சபையில் பெண்களுக்கு 1994இல்தான் கிடைத்தது.

எங்கள் கதையும் அப்படித்தானே? பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடக்கிலும் கிழக்கிலும் ஆண்கள் நுழைய முடியாத வீடுகளுக்குள் வேதத்தைக் கொண்டுபோனவர்கள் வேதாகமப் பெண்கள். யாழ்ப்பாணத்து உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை 1824இலேயே தொடங்கிவிட்டது. அப்படிப் படித்த பெண்கள் பாடசாலைகளையும் நடத்திக் காட்டினார்கள். 2004 டிசம்பர் 26க்குப் பின் கரையோரத்தில் சடலங்களை அடையாளம் காட்ட வந்த குடும்பங்களோடு நின்றவர்களிலும், 2006இல் மூதூர்ப் பக்கத்திலிருந்து சனம் இடம்பெயர்ந்தபோது முகாம்களுக்கு அரிசியும் துணியும் கொண்டுபோனவர்களிலும் எங்கள் சபைப் பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அந்த நாட்களில் இது பெண்ணுக்குரிய வேலையா என்று யாரும் கேட்கவில்லை. கேட்க நேரம் இருக்கவில்லை. நிலைமை சீரான பிறகுதான் அந்தக் கேள்வி வருகிறது.

எங்கள் பிள்ளைகள் பாதிப்பேர் இன்று கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கிறார்கள். கனடா ஐக்கிய திருச்சபை லிடியா குருச்சி என்ற பெண்ணுக்கு 1936இல் குருப்பட்டம் கொடுத்தது. யாழ்ப்பாணத் திருச்சபை ஆதீனமும் அங்கம் வகிக்கும் தென்னிந்தியத் திருச்சபை 2013இல் புஷ்பலலிதா அம்மையாரை ஆந்திராவின் நந்தியால் பேராயராக்கியது. இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயரான கன்ரபரி பேராயராக 2025 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட சேரா முலலி, முழுநேரத் திருப்பணிக்கு வருமுன் இங்கிலாந்தின் தலைமைத் தாதியாக இருந்தவர். அந்தச் செய்தியை வாசித்த அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல முடியாது. இங்கே ஒரு நகரச் சபையின் பொறுப்பைக் கேட்பதற்கே நான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

உங்கள் தீர்மானத்தின் விளைவு ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுக் கோரிக்கைகளுக்கு வருகிறேன். எங்கள் ஞாயிறு பாடசாலையில் படித்து இப்போது அங்கேயே கற்பிக்கும் ஒரு பிள்ளை உயர்தரம் முடித்துவிட்டு, பிலிமத்தலாவையில் இருக்கும் இலங்கை இறையியல் கல்லூரிக்குப் போக ஆசைப்பட்டாள். 1963 முதல் தமிழிலும் சிங்களத்திலும் போதகர்களை உருவாக்கும் கல்லூரி அது. அவளுக்கு அந்த ஆசை வந்ததே இந்தப் போதகரைப் பார்த்துத்தான். கடிதம் வாசித்த பிறகு என்னிடம் வந்து, "அன்ரி, இவ்வளவு காலம் படித்துப் பட்டம் எடுத்த பிறகு எங்களுக்கு என்ன தருவார்கள்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் அது நான் சொல்ல வேண்டிய பதில் இல்லை. அவளுடைய தாய் இப்போது தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பம் நிரப்பச் சொல்கிறார். என் தொழில்தான். ஆனாலும் மனது ஆறவில்லை.

என் கோரிக்கைகள் இவை.

முதலாவது, இந்த இடமாற்றத்தை நிறுத்திவைத்து மறுபரிசீலனை செய்யுங்கள். இரண்டு வருடங்களாகச் சபையை நடத்தியவரைத் தலைமைப் போதகராக உறுதிப்படுத்துங்கள். அது முடியாது என்று தீர்மானித்தால், ஏன் என்ற காரணத்தை அவருக்கும் சபைக் குழுவுக்கும் எழுத்தில் தாருங்கள். காரணம் அவருடைய வேலையில் உள்ள குறை என்றால் அதை எழுதுங்கள். நாங்கள் வாசித்துப் பார்க்கிறோம். அவர் பெண் என்பதுதான் காரணம் என்றால் அதையும் எழுதுங்கள். மறுபரிசீலனைக்குக் காலம் தேவைப்பட்டால், சாதாரண தரப் பரீட்சை எழுதும் அவருடைய பிள்ளையை வருட நடுவில் பாடசாலை மாற வைக்காமல், பரீட்சை முடியும்வரையாவது குருமனையில் இருக்க விடுங்கள்.

இரண்டாவது, தலைமைப் போதகர்களை எந்த அளவுகோலில் தெரிவு செய்கிறீர்கள் என்பதை வெளியிடுங்கள். சேவைக்காலமா, கல்வியா, சபையின் கருத்தா? குருப்பட்டம் பெற்ற பெண்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குத் தனிப் பொறுப்பு, எத்தனை பேர் எத்தனை வருடங்களாக உதவிப் போதகர்களாக இருக்கிறார்கள் என்ற விபரத்தை அடுத்த வருடாந்த மாநாட்டின் முன் வையுங்கள். ஆண்களைப் பற்றிய அதே விபரமும் பக்கத்தில் இருக்கட்டும்.

நியமனக் குழுவில் பெண் போதகர்களும் பெண் அங்கத்தவர்களும் இருக்க வேண்டும். ஒருவரைப் பெயருக்குப் போடுவது போதாது. பாதிப்பேராவது பெண்களாக இருக்கட்டும், கூட்டத்தில் அவர்களுக்கு வாக்கும் இருக்கட்டும். ஒரு சபை ஒருவரை ஏற்காது என்று முடிவு எடுக்குமுன் அந்தச் சபையைக் கூட்டிக் கேளுங்கள். திருகோணமலைக்கு வாருங்கள். வேலைநாளில் வராமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், கிராமங்களில் இருக்கும் குடும்பங்களையும் நாங்கள் அழைத்து வருகிறோம்.

தற்காலிகப் பொறுப்பு என்பதற்கு ஒரு கால எல்லை வையுங்கள். ஆறு மாதம் என்று வைக்கலாம். அதைத் தாண்டி ஒருவர் பொறுப்பை நடத்தினால், ஆணோ பெண்ணோ, பதவியும் அதற்குரிய கொடுப்பனவும் அவருக்குக் கிடைக்க வேண்டும்.

துடக்கைப் பற்றியும் வாய் திறவுங்கள். எல்லாச் சபைகளிலும் வாசிக்கும்படி ஒரு மேய்ப்பர் நிருபம் எழுதுங்கள். அதை எழுதும் பணியைப் பெண் போதகர்களிடம் கொடுத்து, கையெழுத்தை நீங்கள் வையுங்கள்.

இந்த மடலுக்கான உங்கள் பதிலை, இடமாற்றம் நடைமுறைக்கு வரும் திகதிக்கு முன், எங்கள் சபைக் குழுவின் செயலாளருக்கு எழுத்தில் அனுப்பும்படி கேட்கிறேன்.

இப்படிக்கு,
சபை அங்கத்தவர், ஓய்வு பெற்ற தாதி,
திருகோணமலை